காரு ஆருக்க பேர்லடே?

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு போனை நோண்டிட்டுக் கெடந்தது ஒரு குத்தமா? ஒரு ரீல் வந்து விழுந்து தூக்கத்தையே கெடுத்துட்டு.

நம்ம காத்தாடிக் காடு. அஞ்சுகிராமம் தாண்டி கெழக்க போனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ராட்சசக் காத்தாடியா சுத்துமே, அங்கதான். நடு ரோட்டுல ஒரு செவப்புக் கார். கூரை இல்லாதது. (ஆடிக் காத்துல கூரை இல்லாத கார்! கண்ணுல மண்ணு விழாம அந்தப் பய எப்படிச் சிரிச்சான்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு.) கதவைத் திறந்து இறங்குதான். கறுப்புக் கண்ணாடி. வாட்ச்சை கேமராவுக்கு நேராத் திருப்புதான். செவி கிழியுத சத்தத்துல ஒரு பாட்டு. கீழ எழுத்து ஓடுது: “உழைச்சா எல்லாம் தேடி வரும்.”

பயலை எனக்குத் தெரியும். 21 வயசு. பேரு சொல்ல மாட்டேன், அவனுக்க அம்மை இதையெல்லாம் வாசிக்கிறவ. காரைக்கூட விட்டுருப்பேன். “உழைச்சா”ன்னு போட்டான் பாருங்க, அதுதான் தாங்கல. வீட்டுத் தென்னைக்குத் தண்ணி திருப்பி விடச் சொன்னா முட்டு வலிக்குன்னு சொல்லுத ஆளு.

மறுநாள் டீக்கடைல ஒரு வயசான அண்ணாச்சிகிட்ட அந்த ரீலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிட்டு பொறுமையா முழுசும் பாத்தார். பாட்டையும் கேட்டார். எனக்குன்னா அவர் நாலு வசவு வைவார்னு ஆசை. போனைத் திருப்பித் தந்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

“காரு ஆருக்க பேர்லடே இருக்கு?”

ஆர்சி புக்கு. அவ்வளவுதான் அவருக்கு. சாயாவைக் குடிச்சிட்டு கெளம்பிட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பயலை வழில பிடிச்சுக் கேட்டேன். மறைக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. வெக்கமும் இல்ல.

“வாடகைக்கு எடுத்தது சித்தப்பா. நாலு பேரு சேந்து எடுத்தோம். ஆளுக்கு ரெண்டு சட்டை கொண்டு போனோம்.”

“ரெண்டு சட்டை எதுக்குடே?”

“ஒரே நாள்ல எடுத்ததுன்னு தெரியப்பிடாதுல்லா.”

“வாட்ச்?”

“நாலு பேருக்கும் ஒரே வாட்ச்தான்.”

“பெட்ரோல் ஆரு அடிச்சா?”

“அதுலதான் சண்டை வந்துட்டு சித்தப்பா.”

இதைக் கேட்ட பிறகு எனக்குக் கோவம் பாதி எறங்கிட்டு. (சிரிப்பு வந்துட்டுன்னா அப்புறம் எங்க கோவப்பட?) ஆனா மீதிப் பாதி இருக்கே, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். காசு வச்சிருக்கவன் காட்டுறது எனக்குப் பிரச்சினை கெடையாது. காட்டாத ஊரா இது? நான் சின்னப் பயலா இருக்கும்போது வளைகுடாவுல இருந்து ஒருத்தர் வந்து இறங்கினா, திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இருந்து வர்ற அம்பாசடர் மேல கயிறு போட்டுக் கட்டின பெட்டியை எண்ணுறதுக்கே தெரு கூடிரும். கைல ராடோ வாட்ச். தடிமனா தங்கச் செயின். பக்கத்துல போனாலே சென்ட் வாசம். பத்து நாளைக்கு அவருதான் ராஜா.

ஆனா ஊருக்குக் கணக்கு தெரியும். விசாவுக்கு எந்த ஏஜென்ட் எவ்வளவு வாங்கினான், அதுக்கு யாரு தாலிக்கொடி அடகுக்குப் போச்சு, அங்க வெயில்ல கம்பி கட்டுதாரா இல்ல ஏசி ரூம்ல பில்லு போடுதாரா, எல்லாம் தெரியும். லீவு முடியப் போற நேரத்துல கழுத்துச் செயின் காணாமப் போனா அது எந்தக் கடைக்குப் போச்சுன்னும் தெரியும். அதனால அவரும் ஒரு அளவோடதான் காட்டுவார். அளவு மீறினா எங்க பெரியம்மை மாதிரி ஒரு ஆளு வாசப்படில உக்காந்து, “எய்யா, வட்டி முடிஞ்சாச்சா?”ன்னு பாசமா ஒரு கேள்வி கேப்பா. முடிஞ்சு கதை.

இன்ஸ்டாகிராம்ல பெரியம்மை கெடையாது. அதான் வித்தியாசம். சேலத்துலயும் சிங்கப்பூர்லயும் உக்காந்து லைக் போடுறவனுக்கு இந்தப் பயலுக்க தென்னந்தோப்பும் தெரியாது, முட்டு வலியும் தெரியாது.

இன்னொரு விஷயமும் மனசுல உறுத்திட்டே இருக்கு. ‘காட்டாதே’ன்னு சொல்லுறதுக்கு இந்த மண்ணுல ஒரு கெட்ட வரலாறு இருக்கு. பழைய திருவிதாங்கூர்ல இந்தத் தெக்கன் பகுதில எத்தனையோ சாதிக்காரங்க தங்கம் போடப்பிடாது, குடை பிடிக்கப்பிடாது, செருப்பு போடப்பிடாது, மாடி வீடு கட்டப்பிடாது. பொம்பளைங்க தோள்சீலை போடுறதுக்கே பல வருஷம் அடி வாங்கி, 1859 ஜூலை 26-ல ஒரு அரசாணை வந்த பிறகுதான் கொஞ்சம் வழி திறந்துச்சு. சாமிதோப்பு நமக்குப் பக்கம்தானே. அய்யா வைகுண்டர் (1809-1851) அங்க என்ன செஞ்சார்? தலைப்பாகை கட்டுங்கடேன்னார். முட்டுக்குக் கீழ வேட்டி உடுக்கச் சொன்னார். பள்ளியறைல சிலைக்குப் பதிலா கண்ணாடி. போய் நின்னா உம்ம மூஞ்சிதான் உமக்குத் தெரியும். தலைப்பாகையோட.

அதனால ஒருத்தன் வேலைக்குப் போயி மொத சம்பளத்துல வாங்கின ஷூவைப் போட்டோ போட்டா நான் சிரிக்க மாட்டேன். கூட ரெண்டு ஹார்ட்டு போடுவேன். போடட்டும். கால்ல செருப்பு போட்டதுக்கு அடி விழுந்த ஊரு இது.

சரி, நம்ம செவப்புக் காருக்கு வாறேன்.

பயலுக்கு இந்த யோசனை எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்க ஒரு வேலை செஞ்சேன். புதுசா ஒரு கணக்கு தொடங்கினேன். பேரு இல்ல, போட்டோ இல்ல, யாரையும் ஃபாலோ பண்ணல. காரு வந்தா மட்டும் தள்ளாம நின்னு பாத்தேன். சமையல், சாமி, கிரிக்கெட்டு, நாய்க்குட்டி எல்லாத்தையும் தள்ளிட்டேன். (நாய்க்குட்டியைத் தள்ளுறதுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு.)

கொஞ்ச நேரத்துல அது என்னைப் புரிஞ்சுக்கிட்டு. மொதல்ல காரு. அப்புறம் துபாய் பால்கனி. அப்புறம் மெத்தைல பரத்தி வச்ச ஐநூறு ரூபாக் கட்டு. அப்புறம் தனி விமானத்துக்குள்ள கால் மேல கால் போட்டுக்கிட்டு ஒருத்தன், “23 வயசுல ரிட்டயர் ஆயிட்டேன்”ங்கான். (எங்க வீட்டுல 58-ல ரிட்டயர் ஆனவங்க பென்ஷன் ஃபைலுக்கு இன்னும் நடந்துட்டு இருக்காங்க.) அதுக்குப் பிறகுதான் விஷயமே வருது. “எப்படின்னு தெரியணுமா?” ஒரு டெலிகிராம் குரூப். உள்ள போனா ஓசி கிளாஸ். ஓசி கிளாஸ் முடிஞ்சா காசு கட்டுற கிளாஸ். அது முடிஞ்சா அதுக்கு மேல ஒரு கிளாஸ்.

இப்ப புரிஞ்சுதா? அங்க காரு வெறும் போர்டு. கடைல விக்கிறது பாடம்.

அந்தத் தனி விமானமும் விமானம்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல விமானத்துக்க உள்பக்கம் மாதிரியே செட்டு போட்டு ஒரு ஸ்டுடியோவுல வாடகைக்கு விடுதாங்கன்னு 2020-ல வெளிய வந்துச்சு. மணிக்கு 64 டாலர். ஜன்னல், சீட்டு எல்லாம் இருக்கும். பறக்காது, அவ்வளவுதான். நம்ம நாலு பயலுவ பெட்ரோலாவது அடிச்சானுவ!

இந்தியாக் கதைக்கு வாங்க. ‘பாப் ஆஃப் சார்ட்’ங்கிற பேருல யூடியூப்லயும் டெலிகிராம்லயும் பங்குச் சந்தை சொல்லிக் குடுத்த முகமது நசிருதீன் அன்சாரி மேல 2023 அக்டோபர்ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி ஒரு உத்தரவு போட்டது. பாடம் நடத்தி வாங்கின 17.2 கோடி ரூபாயைக் கொண்டு வந்து டெபாசிட் கட்டுன்னு. பதினேழு கோடி! சரி, அவ்வளவு கெட்டிக்கார வாத்தியார் சொந்தமா சந்தைல எவ்வளவு அள்ளியிருப்பார்? 2021 ஜனவரில இருந்து 2023 ஜூலை வரைக்கும் அவருக்கு 2.89 கோடி நஷ்டம்னு அதே உத்தரவுல இருக்கு.

நஷ்டம். வாத்தியாருக்கு.

இதை நான் பயலுக்கு அனுப்பினேன். “அவரு ஒரு ஆளு சித்தப்பா, எல்லாரும் அப்படியா?”ன்னு பதில் போட்டான். நியாயமான கேள்விதான். அதுக்கும் செபிகிட்டயே கணக்கு இருக்கு. 2021-22 தொடங்கி 2023-24 வரைக்கும் மூணு நிதியாண்டு, எஃப் அண்ட் ஓ-ன்னு சொல்லுற ஊக வியாபாரத்துல தனி ஆளா வெளையாடினவங்கள்ல 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லாருக்கும் போனது சேத்தா 1.8 லட்சம் கோடிக்கு மேல. 2024 செப்டம்பர்ல வந்த ஆய்வு. இதுக்கு அவன் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான். (அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்னு இந்தத் தலைமுறைகிட்ட யாராவது கேட்டுச் சொல்லுங்க.)

இதெல்லாம் இல்லாதவன் காட்டுற கதை. உண்மையாவே வச்சிருக்கவன் கதை வேற. 2012-ல ‘ரிச் கிட்ஸ் ஆஃப் இன்ஸ்டாகிராம்’னு ஒரு பக்கம் தொடங்கினாங்க. கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைங்க போடுற படகு, விமானம், பாட்டில், பில்லு எல்லாத்தையும் பொறுக்கி ஒரே இடத்துல போடுறதுதான் வேலை. ரெண்டு வருஷத்துல தெஹ்ரான்ல இருந்து அதே மாதிரி ஒண்ணு. பொருளாதாரத் தடைல ஊரே திணறுற நேரத்துல அங்க பணக்காரப் பிள்ளைங்க நீச்சல்குளத்துப் பக்கம் நின்னு சிரிச்சுது. உலகமே பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்துச்சு. பாத்துச்சு, அதான் முக்கியம். திட்டிக்கிட்டே பாத்தாலும் கணக்குல அது ஒரு பார்வைதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி ஒண்ணு. 2024 மார்ச், ஜாம்நகர். ஆனந்த் அம்பானி கல்யாணத்துக்கு முன்கொண்டாட்டம். ரிஹானா எல்லாம் வந்து பாடின விழா. அங்க மாப்பிள்ளை கைல கட்டியிருந்த வாட்ச்சைப் பாத்து மார்க் சக்கர்பெர்க்குக்க பொண்டாட்டி வாயைப் பொளந்து கேக்கா. பக்கத்துல நிக்க சக்கர்பெர்க், வாட்ச் மேல தனக்கு ஆசையே இருந்ததில்ல, இதைப் பாத்ததும் ஆசை வந்துட்டுங்கிற அர்த்தத்துல என்னமோ சொல்லுதார். அடுத்த ஜனவரில அவர் ஒரு வீடியோல வந்தப்ப கைல கட்டியிருந்தது 9 லட்சம் டாலர்கிட்ட விலை சொல்லுற வாட்ச்.

இன்ஸ்டாகிராம் முதலாளிங்க அவரு! ஊரு உலகத்துக்கே ரீல் காட்டுற கடைக்காரருக்கே அடுத்தவன் கையைப் பாத்து ஆசை வருதுன்னா, நம்ம பய எம்மாத்திரம்?

சீனாக்காரன் இதுக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சான். தடை. வாங் ஹோங்சுவான்ஷிங்னு ஒரு ஆளு. வீட்டை விட்டு இறங்கினா உடம்புல ஒரு கோடி யுவானுக்குக் கொறையாம இருக்கும்னு பெருமை பேசினவர். 2024 மே மாசம் அவர் கணக்கைப் பூட்டிட்டாங்க. எனக்கு அது ஒப்பல. அரசாங்கம் உக்காந்து யாரு எதைப் போடலாம்னு முடிவு பண்ணுறதை இந்த ஊரு ஏற்கெனவே பாத்தாச்சு, மேல சொன்னேன்லா.

தடையெல்லாம் வேண்டாம். அண்ணாச்சி கேட்ட கேள்வி போதும். அந்தக் கேள்வி சில நேரம் லேட்டா வரும். ஆனா வரும்.

துபாய்ல இருந்த நைஜீரியாக்காரர் ரமோன் அப்பாஸ், ‘ஹஷ்பப்பி’ன்னு பேரு. 25 லட்சம் பேரு பின்னால. ஃபெராரி, ரோல்ஸ் ராய்ஸ், கூச்சி (Gucci) பை. என்ன தொழில்னு கேட்டா ரியல் எஸ்டேட்டுன்னு சொல்லிட்டிருந்தார். 2020 ஜூன்ல துபாய் போலீஸ் கதவைத் தட்டினப்ப 13 காரும், சுமார் 4 கோடி டாலர் ரொக்கமும் பிடிச்சதாச் சொன்னாங்க. ஈமெயில் மோசடிப் பணம். எஃப்பிஐ அவரை அடையாளம் கண்டது எப்படி? அவரு போட்ட படங்களும் ஒரு சாட்சி. பிறந்தநாள் கேக் வெட்டிப் போட்டோ போட்டிருக்கார், விசா விண்ணப்பத்துல இருந்த பிறந்த தேதியோட அது ஒத்துப்போச்சு. கேக்கு! 2022 நவம்பர்ல அமெரிக்கக் கோர்ட்டு 11 வருஷத்துக்கு மேல தண்டனை குடுத்துச்சு.

நமக்கு இதுக்கு துபாய் வரைக்கும் போகணுமா? இன்ஸ்டாகிராமே பிறக்காத காலம், 1995 செப்டம்பர் 7, சென்னை. ஜெயலலிதாவுக்க வளர்ப்பு மகன் சுதாகரன் கல்யாணம். விருந்துக்கு வந்த கூட்டம் கின்னஸ் புத்தகம் வரைக்கும் போச்சு. ஜெயலலிதாவும் சசிகலாவும் ஒட்டியாணம் வரைக்கும் நகை போட்டு நின்ன போட்டோ ஞாபகம் இருக்கா? அந்தக் காலத்து வைரல். ஆண்டிபட்டில இருந்து அஞ்சுகிராமம் வரைக்கும் டீக்கடைல அதைத்தான் பேசினாங்க. அடுத்த வருஷம் தேர்தல்ல ஆட்சி போச்சு. சொத்துக்குவிப்பு வழக்கு வந்தப்ப கல்யாணச் செலவு அதுல தனியா ஒரு தலைப்பு. பந்தல் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவுன்னு வருஷக்கணக்கா கோர்ட்டுல பேசினாங்க. 2017 பிப்ரவரி 14-ல சுப்ரீம் கோர்ட்டு கீழ்க்கோர்ட்டு குடுத்த தண்டனையை உறுதி பண்ணினப்ப ஜெயலலிதா உயிரோட இல்ல. சசிகலாவும் இளவரசியும் ஜெயிலுக்குப் போனாங்க. கூடவே மாப்பிள்ளையும்.

இப்ப வருமான வரிக்காரங்களுக்கு வேலை இன்னும் லேசு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடப்புக்கு வர்ற புது வருமான வரிச் சட்டத்துல, சோதனைக்கு வர்ற அதிகாரி ஈமெயில், சமூக ஊடகக் கணக்கு எல்லாத்தையும் திறந்து பாக்கலாம்னு எழுதியே வச்சிருக்கு. (நாலு பேருக்கு ஒரு வாட்ச்னு எந்த அதிகாரிகிட்டயாவது நிரூபிக்க வேண்டி வந்தா பயலுவ பாடு திண்டாட்டம்தான்.)

சிரிச்சுட்டே போக முடியாத எடமும் இருக்கு. 2023 செப்டம்பர்ல பைக் யூடியூபர் டிடிஎஃப் வாசன் காஞ்சிபுரம் பக்கத்துல வீலிங் பண்ணப் போயி விழுந்தாரே, அந்த பைக்கு 20 லட்சத்துக்கு மேல. உடம்புல நல்ல ஒசத்தியான பாதுகாப்பு உடுப்பு. கை ஒடிஞ்சதோட தப்பிச்சார். லைசென்ஸை 10 வருஷத்துக்கு ரத்து பண்ணிட்டாங்க. அதைப் பாத்துட்டு மயிலாடி ரோட்டுல முன் சக்கரத்தைத் தூக்குற பயலுக்கு லுங்கிதான் பாதுகாப்பு உடுப்பு.

2024 மே மாசம் புனேல நடந்தது அதைவிட மோசம். 17 வயசுப் பையன், பணக்கார பில்டர் வீடு, போர்ஷே கார். அது இடிச்சு ரெண்டு சாஃப்ட்வேர் எஞ்சினியருங்க செத்துப் போனாங்க, ரெண்டு பேருக்கும் 24 வயசு. பையனுக்கு அன்னிக்கே ஜாமீன், சாலை விபத்தைப் பத்தி 300 வார்த்தைல கட்டுரை எழுதணும்னு நிபந்தனையோட. நாடே கொதிச்சப்ப இன்னொரு விஷயம் வெளிய வந்துச்சு. ரெண்டரைக் கோடி காருன்னு பேசினாங்க, ஆனா அதுக்கு நிரந்தரப் பதிவே ஆகல. கட்ட வேண்டியிருந்த கட்டணம் 1,758 ரூபா. கட்டல.

அண்ணாச்சி கேட்டிருந்தா, ஆருக்க பேர்லயும் நிரந்தரமா இல்லன்னுதான் பதில் சொல்லணும்.

பயலுக்க அம்மைகிட்ட இதையெல்லாம் சொல்லணுமான்னு யோசிச்சேன். சொல்லல. அவளுக்கு அந்த ரீல் தெரியும். பாத்திருக்கா. “எம்மவன் அழகா இருக்காம்லா?”ன்னு எங்கிட்டயே கேட்டா. இருக்கான்தான். அதுல பொய் சொல்ல என்ன இருக்கு.

ஆனா ஒரு யோசனை இருக்கு, பயலுவகிட்ட ஏற்கெனவே சொல்லியாச்சு. 2018-ல ரஷ்யால தொடங்கி சீனாவுல பத்திக்கிட்ட ஒரு விளையாட்டு. காருல இருந்தோ விமானத்துல இருந்தோ கவுந்து விழுந்த மாதிரி தரைல குப்புறப் படுக்கணும், சுத்திலும் பை, நகை, நோட்டுக்கட்டு செதறிக் கெடக்கணும். பணக்காரப் பிள்ளைங்கதான் ஆரம்பிச்சுது. சீனாவுல சாதாரண ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? நர்ஸு மருந்து, ஊசியோட விழுந்தாங்க. தீயணைப்புக்காரர் தன்னோட உடுப்பு, குழாயைப் பரத்திட்டு விழுந்தார். படிக்கிற பிள்ளைங்க புஸ்தகத்துக்கு நடுவுல. பணக்காரப் பிள்ளைங்க ரீலைவிட அதுதான் பாக்க நல்லாருந்துச்சு.

நம்ம ஊருல செய்யலாம்லா? மயிலாடி கல்லாசாரி உளி, சுத்தியல், பாதி செதுக்கின பிள்ளையாரோட விழட்டும். தோவாளைப் பூக்காரக்கா பிச்சிப்பூக் குவியல்ல விழட்டும். காத்தாடிக்கு மேல ஏறி வேலை பாக்குற பயலுவ பெல்ட்டும் கயிறுமா விழட்டும் (கீழ வந்த பிறகு, தயவுசெஞ்சு). வாழைக்காரங்க மட்டி, செந்துளுவன், ஏத்தன் எல்லாம் சுத்தி வச்சுட்டு நடுவுல படுக்கட்டும். பயலுவளுக்கு கேமரா வேலை குடுத்தாச்சு, நாலு பேரும் சரின்னுட்டானுவ. வாழைக்காரங்க மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க: காலைல ஏலத்துக்கு முந்தியே எடுத்து முடிச்சிரணுமாம், வித்த பிறகுன்னா சுத்தி வைக்க வெறும் சாக்குதான் இருக்குமாம்.